கேள்வி நேரத்தில் குமரியின் கேள்வி

உடல்நலம், மனித உரிமை, குழந்தைப் பராமரிப்பு ஆகிய மூன்றிலும் உங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று வாசகர்களிடம் கேட்டிருந்தோம். நீரோடி முதல் ஆரல்வாய்மொழி வரை இருந்து கடிதங்கள் வந்தன. பலவற்றில் ஒரே ஆதங்கம்: மனு கொடுத்தோம், பேசுவதாகச் சொன்னார், பிறகு எதுவும் தெரியவில்லை. நாடாளுமன்ற நடைமுறையும் தொழிலாளர் சட்டமும் அறிந்தவர்கள் இங்கே பதிலளிக்கிறார்கள்.

எங்கள் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) ஓடு தல்லுகிறவர்களும் (உடைக்கிறவர்களும்) தோல் உரிக்கிறவர்களுமாக அறுபது பெண்களுக்கு மேல் இருக்கிறோம். கைப்பிள்ளையை விட ஓர் இடம் இல்லை. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இளையதைப் பார்க்க வைக்கிற வீடுகள் உண்டு. எம்.பி. டெல்லியில் பேசினால் காப்பகம் வருமா?
— முந்திரி ஆலைத் தொழிலாளி, கருங்கல்

உங்கள் ஆலைக்குக் காப்பகம் வர டெல்லி வரை போக வேண்டியதில்லை. அது ஏற்கெனவே முதலாளியின் சட்டக் கடமை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. இவை இரண்டும் இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. அறுபது பேர் என்றால் எந்தக் கணக்கிலும் நீங்கள் உள்ளே வருகிறீர்கள்.

ஆகவே முதல் வேலை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுத்தில் புகார். அதில் மூன்று விஷயங்கள் தவறாமல் இருக்கட்டும். ஒன்று, வேலை செய்யும் பெண்களின் எண்ணிக்கை. மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) ஆளைக் குறைத்துக் காட்டுவதும், ஒரே ஆலையை இரண்டு பெயரில் பிரிப்பதும் நடக்கக்கூடியவை. இ.எஸ்.ஐ. எண்களின் பட்டியல் இருந்தால் அந்த வழி அடைபடும். இரண்டு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பிறந்த தேதி. ஆய்வுக்கு வருகிறவரிடம் "இங்கே குழந்தைகளே வருவதில்லையே" என்று சொல்லப்படும். விட இடமில்லாததால்தான் வரவில்லை என்பதைத் தேதிகள் காட்டும். மூன்று, காப்பகம் என்று ஓர் அறை ஏற்கெனவே இருக்குமானால் அங்கே ஆயா இருக்கிறாரா, பிள்ளையைக் கழுவ இடமும் தண்ணீரும் உண்டா, கதவு எந்நேரம் திறந்திருக்கிறது என்ற விவரம். பூட்டிய அறையில் ஒரு தொட்டில் கிடந்தால் ஆய்வு அறிக்கையில் "காப்பகம் உள்ளது" என்று ஏறிவிடும். முந்திரி ஓடு கசியும் எண்ணெய் பெரியவர்களின் கைத்தோலையே புண்ணாக்கும். எனவே தல்லும் கொட்டகையை ஒட்டிய மூலையைக் காப்பகம் என்று காட்டினால் அதையும் எழுதுங்கள்.

நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியது வேறு. பழைய வரம்பு 30 பெண்கள். புதிய தொகுப்புகளில் ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லாமல் 50 பேர் என்ற கணக்கு. 35 பெண்கள் மட்டும் இருக்கும் ஒரு சிறிய பீலிங் கொட்டகை நேற்று வரை சட்டத்துக்குள் இருந்தது, இனி வெளியே நிற்கும். நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். எம்.பி.யிடம் கொடுக்கும் தாளில் கேள்வியை இப்படி எழுதலாம்:

"தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்புத் துறை அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) கன்னியாகுமரி மாவட்டத்தில் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் முந்திரி ஆலைகள் எத்தனை, அவற்றில் காப்பகம் உள்ளவை எத்தனை, (ஆ) கடந்த மூன்று ஆண்டுகளில் காப்பகம் இல்லாததற்காக நடந்த ஆய்வுகளும் தொடரப்பட்ட வழக்குகளும் எத்தனை, (இ) 30 பெண்கள் என்ற வரம்பு மாறியதால் காப்பக உரிமையை இழக்கும் பெண்கள் எவ்வளவு பேர் என்று அரசு கணக்கிட்டுள்ளதா, (ஈ) ஆம் எனில் விவரம், இல்லையெனில் காரணம், (உ) சிறிய ஆலைகள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்த அரசு என்ன உதவி அளிக்கிறது?"

கடைசி உட்பிரிவு வெறும் ஆசையில் எழுதியதல்ல. பல நிறுவனங்கள் பணம் சேர்த்துப் பொதுக் காப்பகம் நடத்தலாம் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பே இடம் தருகிறது. ஆலைகள் அடுத்தடுத்து இருக்கும் கருங்கல், மார்த்தாண்டம் பகுதிகளுக்கு இது பொருத்தமான வழி.

ரப்பர் பால்வெட்டுக்கு விடியும் முன்பே போகிறோம். அங்கன்வாடி திறக்கும்போது எங்கள் வேலை பாதி முடிந்திருக்கும். 'பால்னா' என்று ஒரு திட்டம் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்களுக்குக் கிடைக்குமா?
— மகளிர் சுய உதவிக் குழு, கீரிப்பாறை

உங்கள் வேலை நேரத்தை மாற்றச் சொல்ல யாராலும் முடியாது. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். ஆகவே காப்பகத்தின் நேரம்தான் மாற வேண்டும்.

பால்னா என்பது மத்திய அரசின் 'மிஷன் சக்தி'யில் உள்ள காப்பகத் திட்டம். முன்பு தேசியக் காப்பகத் திட்டம் என்ற பெயரில் இருந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கானது. ஒரு காப்பகத்துக்கு 25 பிள்ளைகள், ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் என்பது அதன் அளவு. திறக்கும் நேரத்தைத் தாய்மார்களின் வேலை நேரத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய வழிகாட்டுதலிலேயே உண்டு. அங்கன்வாடியோடு சேர்த்து நடத்தும் வகையும் பால்னாவில் இருக்கிறது. செலவில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு.

இங்கேதான் சிக்கல் வரும். மாநில அரசு முன்மொழிவு அனுப்பாமல் மத்திய அரசு காப்பகம் ஒதுக்காது. நாடாளுமன்றத்தில் கேட்டால் "மாநிலங்களிலிருந்து பெறப்படும் முன்மொழிவுகளின் அடிப்படையில்" என்று பதில் வரும். சென்னையில் கேட்டால் "மத்திய ஒப்புதல் வர வேண்டும்" என்பார்கள். இதை முறிக்க வேண்டுமானால் எம்.பி. தேதியைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான பால்னா காப்பகங்கள் எத்தனை, இயங்குபவை எத்தனை, கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியங்களிலிருந்து முன்மொழிவு எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் எந்தக் காரணத்தால் திரும்பியது. "வந்ததா?" என்று மட்டும் கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலோடு ஓர் ஆண்டு போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒரு பக்கக் கணக்கு. குடியிருப்பின் பெயர், மூன்று வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், மூன்று முதல் ஆறு வரை எத்தனை, தாய்மார் புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும், பக்கத்து அங்கன்வாடி எத்தனை கிலோமீட்டர், காலியாக உள்ள கட்டடம் ஏதாவது உண்டா. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கைக்குழந்தைகள் பத்துப் பேருக்கே ஒரு ஆள் வேண்டும். 25 பேரில் பாதிக்கு மேல் கைக்குழந்தைகளானால் இரண்டு பேரை வைத்து நடத்த முடியாது, கூடுதல் ஆள் கேட்க அந்தக் கணக்குதான் ஆதாரம். இதை மாவட்ட ஆட்சியருக்கும் ஐ.சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்) மாவட்டத் திட்ட அலுவலருக்கும் கொடுத்து, ஒப்புகையோடு ஒரு நகலை எம்.பி. அலுவலகத்துக்குக் கொடுங்கள்.

உங்கள் குடியிருப்பில் அங்கன்வாடியே இல்லை என்றால் வேறு வழியும் இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் 40 தேறாது. அங்கே மலைப்பகுதிக்கான தளர்ந்த மக்கள்தொகை வரம்பைச் சுட்டிக் கேட்க வேண்டும்.

எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் கட்டடம் கட்டலாம், சம்பளம் கொடுக்க முடியாது. ஆளுக்கு ஏற்பாடு செய்யாமல் கட்டடம் மட்டும் கேட்காதீர்கள். திறப்பு விழா நடந்த மறுநாளிலிருந்து பூட்டிக் கிடக்கும்.

நட்சத்திரக் கேள்வி, பூஜ்ய நேரம், 377 என்கிறார்களே, எதில் கேட்டால் பலன்?
— கல்லூரி ஆசிரியர், மார்த்தாண்டம்

எண்ணிக்கையும் விவரமும் வேண்டுமென்றால் நட்சத்திரம் இல்லாத கேள்விதான் நல்லது. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலிடப்படும். கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான், அதில் வாய்மொழியாகப் பதில் கிடைப்பவை நான்கைந்தைத் தாண்டுவது அரிது. மற்றவற்றுக்கு எழுத்துப் பதில்தான். எழுத்துப் பதிலுக்கான நட்சத்திரமில்லாக் கேள்விகள் நாளுக்கு 230. இணைப்பாக அட்டவணையும் வரும், யார் வேண்டுமானாலும் நாடாளுமன்ற இணையதளத்தில் எடுத்துப் பார்க்கலாம். அமைச்சரை மடக்கித் துணைக் கேள்வி கேட்க வேண்டிய விஷயமென்றால் மட்டும் நட்சத்திரக் கேள்விக்குப் போகலாம்.

கேள்வி நேரம் முடிந்த பின் வரும் பூஜ்ய நேரம் அவசரத்துக்கு. அன்று காலை 10 மணிக்குள் அறிவிப்புக் கொடுத்தால் குலுக்கலில் வாய்ப்புக் கிடைக்கலாம். ஆனால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. தொலைக்காட்சியில் வருவது பெரும்பாலும் இதுதான், அதனால் "எங்கள் எம்.பி. பேசிவிட்டார்" என்ற நிறைவு மக்களுக்கு வந்துவிடுகிறது. கோப்பு நகர வேண்டுமானால் மக்களவை நடைமுறை விதி 377-தான் மேலானது. 250 சொற்களுக்குள் எழுதிக் கொடுத்து அதையே வாசிக்க வேண்டும். ஓர் உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்று. அமைச்சகம் எழுத்தில் பதில் அனுப்பும். மாநிலங்களவையில் இதற்கு இணையானது 'சிறப்புக் குறிப்பு'.

நாள் கணக்கைத் தவற விடுவதுதான் மக்கள் செய்யும் பெரிய பிழை. கேள்விக்கான அறிவிப்புக்குக் குறைந்தது 15 முழு நாள் வேண்டும், கொடுக்கும் நாளும் பதில் நாளும் இதில் சேராது. கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனுவோடு போனால் பெரும்பாலும் அடுத்த தொடருக்குத்தான். மழைக்காலத் தொடர் வழக்கமாக ஜூலையில் கூடும், மே மாதக் கடைசியிலேயே தாளைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் பதில் சொல்லும் கிழமை உண்டு. கேள்விகளுக்கும் குலுக்கல் உண்டு என்பதால் ஒருவரையே நம்பியிருக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். அதே கேள்வியை நான்கைந்து பேரிடம் கொடுத்தால் ஒன்றாவது ஏறும்.

கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு படியும் சேர்த்துக் கொடுத்தால் அலுவலகத்தில் மொழிபெயர்க்கக் காத்திருக்காது. நீதிமன்றத்தில் உள்ளது, ஒரு தனி நபரைப் பற்றியது, கருத்துக் கேட்பது, அதே தொடரில் பதில் வந்துவிட்டது, முதன்மையாக மத்திய அரசின் பொறுப்பில் இல்லாதது ஆகியவை தள்ளப்படும்.

மருத்துவமனை மாநிலப் பொருள் என்கிறார்கள். அப்படியானால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனை பற்றி எம்.பி. கேட்கவே முடியாதா? இங்கே முடியாததற்கு நாங்கள் திருவனந்தபுரம்தான் போகிறோம். காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா?
— வாசகர், களியக்காவிளை

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆசாரிபள்ளத்தில் மருத்துவர் பணியிடம் ஏன் காலி என்று கேட்டால் கேள்வி தள்ளுபடியாகும், அது சட்டமன்ற உறுப்பினர் கேட்க வேண்டியது. ஆனால் மருத்துவக் கல்வி பொதுப் பட்டியல். தேசிய நலவாழ்வுக் குழுமப் பணத்தில் மத்திய, மாநில அரசுகளின் பங்கு 60:40. ஆகவே "தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் இம்மாவட்டத்துக்கு ஒப்புதலான தொகை எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு" என்று கேட்கலாம். மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒப்புதலான தொகையை மட்டும் கேட்டால் பெரிய எண் ஒன்று வரும், அதில் எவ்வளவு மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்பது தெரியாது.

அட்டை பற்றி: பிரதமரின் ஜன் ஆரோக்கிய திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, நாட்டில் அத்திட்டத்தில் சேர்ந்த எந்த மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இதுவும் இணைந்து நடப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறோம். மாநிலத் திட்டத்தின் வழியாக மட்டும் சேர்ந்த குடும்பத்துக்கு இந்த வெளிமாநில வசதி பொருந்தாது. நோயாளியை வண்டியில் ஏற்றுவதற்கு முன் 14555 எண்ணில் கேட்டு, மத்தியத் திட்டப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் 29 முதல் வருமான வரம்பில்லாமல் மத்தியத் திட்ட அட்டை உண்டு, ஆனால் தனியாகப் பதிய வேண்டும்.

எல்லை மாவட்டத்து எம்.பி. கேட்பதற்கென்றே அமைந்த கேள்வி இது. இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான சிகிச்சையை எந்தச் சட்டமன்றத்தாலும் தனியாகத் தீர்க்க முடியாது. தமிழ்நாட்டு அட்டையோடு கேரளத்தில் சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர், மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், மறுத்ததற்குக் காரணம் என்ன என்று ஆண்டுவாரியாகக் கேட்கட்டும்.

நம் ஊர் சார்ந்து சட்டசபையில் மருத்துவம் பேசிய பெண் யாராவது முன்பு இருந்தார்களா?
— மாணவி, நாகர்கோவில்

டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். குமரி திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1922-இல் அந்தச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண். பின்னாளில் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியானார். நாகர்கோவில் காசநோய் மருத்துவமனையை நிறுவியவரும் அவரே. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவைக்குப் போவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது நடந்தது.

மணல் ஆலையாலும் கதிர்வீச்சாலும் கடற்கரையில் புற்றுநோய் என்று எல்லோரும் சொல்கிறோம். எம்.பி. கேட்டால் "ஆதாரம் இல்லை" என்று முடித்துவிடுகிறார்களே?
— மணவாளக்குறிச்சி வாசகர்

"மணலால் புற்றுநோய் வருகிறதா?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதே மோனசைட் மணல் உள்ள கடற்கரை மக்களை நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. அமைச்சர் கையில் அது இருக்கும். ஆனால் அது அந்த ஊருக்கான கணக்கு, இயற்கையாக உள்ள கதிர்வீச்சுக்கான கணக்கு. இங்கே தோண்டிப் பிரித்துக் குவிக்கும் வேலையைச் செய்கிறவருக்கும் அதை அடுத்து வாழ்கிறவருக்கும் எவ்வளவு என்பது வேறு கேள்வி, அதை அளவாகக் கேட்க வேண்டும்.

முதலில் அமைச்சகம். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்தித் துறையின் கீழ் வருகிறது, அந்தத் துறை பிரதமரிடம் உள்ளது. சுகாதார அமைச்சருக்கு அனுப்பினால் "எங்களுக்கு உரியதல்ல" என்று திரும்பும். கேட்க வேண்டியவை: மணவாளக்குறிச்சி ஆலையைச் சுற்றிய ஒவ்வொரு கிராமத்திலும் அளந்த கதிர்வீச்சு ஆண்டுக்கு எத்தனை மில்லிசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), அளந்த தேதி, அளந்தவர் யார். தொழிலாளர்களின் அளவு, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் தனியாக. இயற்கைப் பின்னணிக்கு மேல் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட் என்ற வரம்பு மீறப்பட்ட இடங்கள்.

சுகாதார அமைச்சருக்குத் தனிக் கேள்வி: புற்றுநோய்ப் பதிவேட்டில் கன்னியாகுமரி மாவட்ட எண்ணிக்கை தாலுகாவாரியாக, புற்றுநோய் வகைவாரியாக. மாவட்ட மொத்தத்தை மட்டும் வாங்கினால் கடலோரமும் மலையோரமும் கலந்து எதுவும் தெரியாமல் போகும். திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறுகிறவர்கள் எந்தப் பதிவேட்டில் சேர்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டியதே. அங்கே கணக்கு விடுபட்டால் இங்கே நோய் குறைவாகத் தெரியும்.

சுற்றுச்சூழல் அமைச்சருக்கு மூன்றாவது. கிள்ளியூர் தாலுகாவில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் அந்த அமைச்சகம் குறிப்பாணை வெளியிட்டது. வாழும் மக்களைக் கேட்காமல் அவர்கள் உடல்நலத்தைப் பற்றி முடிவெடுப்பது எங்கள் பார்வையில் நேரடியான மனித உரிமைப் பிரச்சினை. தோண்டுவதற்கு முன் அடிப்படை உடல்நலக் கணக்கெடுப்பு நடந்ததா என்று இப்போதே கேட்க வேண்டும். தோண்டிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய நிலையின் அளவு இருக்காது.

காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டவனுக்காக எம்.பி. நாடாளுமன்றத்தில் பேச முடியுமா?
— வழக்கறிஞர் உதவியாளர், தக்கலை

தனி வழக்கைக் கேள்வியாக ஏற்க மாட்டார்கள். "காவல்துறை மாநிலப் பொருள்" என்ற பதிலும் தயாராக இருக்கும். அந்த ஒருவருக்கு உதவுவது முதல் சில நாட்களில் நீங்கள் சேர்க்கும் காகிதம்.

கைது செய்தவுடன் மருத்துவப் பரிசோதனை சட்டப்படி கட்டாயம். அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) கேட்டு வாங்குங்கள், காயம் எப்படி வந்தது என்று அவர் சொன்னதை மருத்துவர் எழுதியிருக்கிறாரா பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தும்போது அவரே காயத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். அங்கே வாய் திறக்காவிட்டால், பிறகு சொல்வது ஜோடனை என்பார்கள். அன்றே காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில், இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையான சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுதுங்கள். பதிவை 18 மாதம், எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல் வைக்கும் கருவி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

பிறகு மாநில மனித உரிமைகள் ஆணையம். கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது, ஆகவே அவசரத்தில் இரண்டுக்கும் அனுப்பிக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எம்.பி.க்கு இங்கே வேறு வேலை இருக்கிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் பரிந்துரைத்த இழப்பீட்டில் மாநிலவாரியாக வழங்கப்பட்டது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று உள்துறை அமைச்சரைக் கேட்கலாம். ஆணையத்தின் ஆண்டறிக்கையை நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைக்கச் சட்டம் சொல்கிறது, தாமதமானால் எழுப்பலாம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்னும் பின்னேற்பு (அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஏற்பது) செய்யவில்லை. அதற்கான மசோதா 2010-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போய், 2014-இல் காலாவதியானது. இதை ஒவ்வொரு தொடரிலும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தனிநபர் மசோதா பற்றி வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார். சட்டமாவது மிக அரிது, 1970-க்குப் பிறகு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அரசே பின்னர் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆழ்கடலில் காணாமல் போனவரின் குடும்பத்துக்கு எதைக் கேட்பது?
— தூத்தூர் கடப்புறத்து வாசகர்

2017 ஓகிப் புயலுக்குப் பின் இந்த மாவட்டத்துக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடல் கிடைக்கவில்லை என்றால் ஏழு ஆண்டு கழித்தே இறந்ததாகச் சட்டம் கருதும். அதுவரை விபத்துக் காப்பீட்டின் 5 லட்சமும் வராது, வங்கிக் கணக்கும் திறக்காது, பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். கடல் விபத்துக்குத் தனியான குறுகிய நடைமுறை வேண்டும் என்பதே கோரிக்கையின் மையமாக இருக்கட்டும். மீன்வள அமைச்சகத்துக்கு: மீனவர் விபத்துக் காப்பீட்டில் இம்மாவட்டத்திலிருந்து வந்த கோரிக்கைகள், நிராகரித்தவை, காரணம். படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி இங்கே எத்தனை படகில் பொருத்தியாயிற்று. தேடுதல் பற்றியது கடலோரக் காவல்படையைக் கொண்ட பாதுகாப்பு அமைச்சகத்துக்கு, அயல்நாட்டில் பிடிபட்டவர் பற்றியது வெளியுறவு அமைச்சகத்துக்கு. நான்கையும் ஒரே கேள்வியில் கட்டினால் எந்த அமைச்சகமும் முழுப் பதில் தராது.

எம்.பி. இல்லாமல் நாங்களே நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பலாமா?
— ஓய்வுபெற்ற செவிலியர், குளச்சல்

அனுப்பலாம். மக்களவையில் மனுக்கள் குழு இருக்கிறது. மக்களவையை விளித்து எழுதி, கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாக ஒரு வேண்டுகோளாக முடிக்க வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பு உடன் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவரின் முழுப் பெயரும் முகவரியும் தேவை, எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். கடிதம், பிரமாணப் பத்திரம் என எதையும் இணைக்கக் கூடாது. இதில்தான் பல மனுக்கள் விழுகின்றன, ஆகவே புள்ளிவிவரங்களை மனுவுக்குள்ளேயே எழுதுங்கள். நீதிமன்றத்தில் உள்ளதும், சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டியதும் ஏற்கப்படாது. எம்.பி. ஒருவர் மேலொப்பமிட்டு அவையில் அளிக்கலாம், அல்லது மக்களவைச் செயலகத்துக்கு நேரே அனுப்பலாம்.

எங்கள் கேள்விக்கு "தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தது. அவ்வளவுதானா?
— மகளிர் கூட்டமைப்பு, திருவட்டாறு

இது வெறும் தட்டிக்கழிப்பு என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சொற்கள் அவைக்குத் தந்த உறுதிமொழியாகக் கணக்கிடப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், தாமதத்தை அரசு உறுதிமொழிகள் குழு கேட்கும். பதிலின் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்து, மூன்று மாதம் முடிந்த வாரத்தில் எம்.பி. வழியாக அந்தக் குழுவின் தலைவருக்கு எழுதச் செய்யுங்கள். "மாவட்டவாரியாகத் தகவல் மத்தியில் பராமரிக்கப்படுவதில்லை" என்று வந்தால் அது உறுதிமொழி ஆகாது. அப்போது அதே விவரத்தை மாநிலத் துறையிடம் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலை வைத்து எம்.பி. அடுத்த தொடரில் கேட்கும் கேள்வி, "மாநில அரசு தந்துள்ள இந்த எண்ணிக்கையை மத்திய அரசு அறியுமா, அறிந்தால் எடுத்த நடவடிக்கை என்ன" என்று தொடங்கட்டும்.